பிரீதி விசுவாசத்தினால்

என் கணவருக்கு என்மேல் அன்பு இருப்பதை முதன்முதலில் ஒரு தானப் பத்திரத்தில்தான் படித்தேன். நாங்கள் குடியிருக்கும் அல்சூர் வீட்டை ‘பிரீதி விசுவாசத்தினால்’ எனக்குக் கொடுப்பதாகக் கன்னடத்தில் எழுதியிருந்தது. தானப் பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கிற வரிதான்.

இவர் கட்டட கான்ட்ராக்டர். ஒரு பெரியவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அவருடைய வீட்டைக் கூரை போடாமல் பாதியில் விட்டுவிட்டார். அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய மறு வாரமே இவருக்கு என்மேல் பிரியம் பொங்கிவிட்டது. கோர்ட் ஏமாறவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்ட ஈடு தர வேண்டும், பெரியவர் கைக்குச் சிக்காமல் இருக்கத்தான் வீடு என் பேருக்கு மாறியது, அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. நீதிபதி எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தது போல எழுதியிருந்தார்.

அதற்குள் நான் இவரை விட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தேன். வைட்ஃபீல்டில் என் அக்கா மாடி அறையை ஒழித்து வைத்திருந்தாள். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் இருவரும் கிளம்புவதாக இருந்தோம்.

ஐகோர்ட் அப்பீலில் கையெழுத்துப் போட எங்கள் பிரேசர் டவுன் வக்கீல் இருவரையும் கூப்பிட்டார். நான் தயங்குவதைப் பார்த்து இவரை வெளியே அனுப்பினார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்பீல் முடியற வரைக்கும் ஒரே வீட்ல இருங்கம்மா. நீங்க தனியா போயிட்டா, பிரீதி எங்கேன்னு எதிர் பார்ட்டி கேப்பாங்க. வீடு போயிடும்.”

“எத்தனை வருஷம் ஆகும் சார்?”

“ஐகோர்ட்டும்மா. நான் என்ன சொல்றது?”

மகளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். நியாயம் பெரியவர் பக்கம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வக்கீல் இவரிடம் தனியாக என்ன சொன்னாரோ, அன்று சாயங்காலத்திலிருந்து இவர் மல்லிகைப்பூ வாங்கி வர ஆரம்பித்தார். தெருவில் நாலு பேர் நிற்கும்போது வாசலில் வைத்தே கொடுப்பார். நானும் அங்கேயே தலையில் வைத்துக்கொள்வேன். நாளைக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டுமே.

பரீட்சை முடிந்த அன்று மகள் துணிப்பையோடு வந்து நின்றாள். போக முடியாது என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

“நீயுமாம்மா பொய் சொல்லப் போற?”

“சொல்லியாச்சு,” என்று பையை வாங்கி, துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கினேன்.