யாரா பேசணும்?

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் சிஸ்டர். டாக்டர் மட்டும் பலகுரல் என்று கூப்பிடுவார். கேலிக்குக் கூப்பிடுவதுதான் என்றாலும் அதில் பொய் இல்லை. இருபத்தோரு வருடமாக ஒரே கிளினிக்கில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸுக்கு, கடைசி ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் போனில் வேறு யாராகவோ மாறுகிற வேலையும் வந்து சேர்ந்திருந்தது.

கிளினிக் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே இரண்டு அறை. முன்னறையில் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. நடுவில் உட்கார்ந்தால் கிறீச்சிடும் என்பதால் எல்லோரும் இரண்டு ஓரத்திலும் நெருக்கியடித்து உட்காருவார்கள். உள்ளறையில் டாக்டரின் மேஜை, பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் ஒரு கட்டில், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி. இருமல், சர்க்கரை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, காலில் ஆணி குத்திய புண், எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் காத்திருக்கும்.

முன்பெல்லாம் நாள் தள்ளிப்போய், வேண்டாம் என்று முடிவெடுத்து வருகிற பெண்களுக்கு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இரண்டு பஸ் மாற வேண்டும். போனாலும் அதற்கென்று தனி வாசல், தனி வரிசை. அங்கே நின்றாலே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஒரு முறை சீட்டு வாங்கிப் போன பெண் அந்த வாசலுக்குப் போகவே இல்லை. வேறெங்கோ போனாள், திரும்பி வரவில்லை. அவளைப் பற்றி டாக்டர் பேசியதே கிடையாது. அடுத்த மாதம் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். மாத்திரைகள் இரும்பு அலமாரிக்கு வந்து சேர்ந்தன.

"காய்ச்சலுக்கு வர்ற வாசல்லயே இதுக்கும் வரட்டும்" என்றார். அந்த விஷயத்தில் அவர் செய்த மொத்தப் பிரசங்கமும் அதுதான்.

முதல் மாத்திரையை டாக்டர் முன்னாலேயே விழுங்க வேண்டும். மற்றவற்றை வீட்டில். அதற்குப் பிறகுதான் வலியும் ரத்தப்போக்கும். எவ்வளவு போனால் சரி, எவ்வளவு போனால் ஓடிவர வேண்டும் என்று சிஸ்டர் ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்லவைப்பாள். வெள்ளிக்கிழமை காலை அவளே போன் போட்டு விசாரிப்பாள்.

ஆரம்பத்தில் கிளினிக் பெயரைச் சொல்லித்தான் பேசினாள். இரண்டாவது வாரமே ஒரு மாமியார் போனை எடுத்துவிட்டாள். "எந்தக் கிளினிக்கு? என் மருமகளுக்கு என்ன நோவு? எனக்குத் தெரியாம என்ன வைத்தியம்?" என்று பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் போனை வைத்துவிட்டாள். அன்று மாலையே நோட்டை எடுத்து, கடைசியில் ஒரு கட்டம் போட்டு, மேலே எழுதினாள்: யாரா பேசணும்?

வருகிறவர்கள் நிரப்புகிற தாளிலும் அதே கட்டம் வந்தது. அது நிரம்ப நிரம்ப அவள் பள்ளிக்கூட கிளார்க் ஆனாள், பேங்க்காரி ஆனாள், பழைய சிநேகிதி ஆனாள். ஒருத்திக்குக் கண்ணாடிக் கடை. ஒரு காலேஜ் பெண் மட்டும், "ராங் நம்பரா பேசுங்க சிஸ்டர், ரெண்டு தடவை ராங் நம்பர் வந்தா நானே கூப்பிடறேன்" என்றாள். அவளுக்காக, இல்லாத ஒரு மெக்கானிக்கைக் கேட்டு சிஸ்டர் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டாம் முறை அந்தப் பெண்ணின் அப்பா, "வண்டிய வித்துத் தொலைங்கம்மா" என்று யோசனை சொன்னார்.

சிஸ்டரின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். யாருக்காக, எதற்காக என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு யாரா இருந்த?" என்பார்.

"ஸ்கூல் மிஸ்ஸு."

"அப்ப நான் ஹோம்வொர்க் பண்ணல மிஸ்" என்று கையை நீட்டுவார். அவளும் ஒரு தட்டுத் தட்டுவாள்.

பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிற பெண் ஒரு திங்கட்கிழமை வந்தாள். முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். ஏழாவது வாரம். விரல் நுனியெல்லாம் பிளாஸ்டிக் உறை அறுத்த சின்னச் சின்னக் கீறல்கள். என்ன முடிவெடுப்பது என்ற குழப்பம் அவளிடம் துளியும் இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்பதில்தான் குறியாக இருந்தாள்.

"வீட்டுக்காரர் திட்டுவாராம்மா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"திட்டினா பரவாயில்லயே. நாலு திட்டு வாங்கிட்டுப் போயிடுவேன். அவர் அழுவாரு சிஸ்டர். பிள்ளைங்கன்னா அவருக்கு உசுரு. எதிர்ல உக்காந்து அழுதார்னா நான் மனசு மாறிடுவேன். மாறினா என்னால முடியாது. ரெண்டுக்கே என் உடம்பு விட்டுப்போச்சு."

"சரி. நான் யாரா பேசணும்?"

அவள் பச்சைத் துணி மறைப்பைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "தையல் கடைன்னு சொல்லுங்க. ஜன்னல் திரை தைக்கக் குடுத்திருக்கேன்னு." பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்தாள். "எங்க வீட்ல திரையே கிடையாது. எதிர் வீட்டுக்காரங்க எங்க வீட்டு சண்டையெல்லாம் டிவி மாதிரி பாப்பாங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அந்த நேரத்தில் அவளுடைய கணவன் வேலைக்குப் போயிருப்பான் என்று சொல்லியிருந்தாள். பெயிண்டர். பகலெல்லாம் ஏணியில் நிற்கிறவன், வீட்டில் இருக்கமாட்டான். ஆனால் அவள் போனை எடுத்தது ஆண் குரல்.

"தையல் கடையிலேர்ந்து பேசறேங்க. ஜன்னல் திரை ரெடியாயிடுச்சு" என்றாள் சிஸ்டர், குரலில் கொஞ்சம் அவசரத்தைச் சேர்த்துக்கொண்டு. தையல் கடைக்காரிக்கு எப்போதும் அவசரம் என்பது அவள் வைத்திருந்த கணக்கு.

"திரையா? எங்க வீட்ல இருக்கறதே ஒரு ஜன்னல்தாங்க!" அவன் சிரித்தான். "கமுக்கமா இருந்திருக்கா பாருங்க, ஒரு வார்த்த சொல்லல. என்ன கலருங்க?"

"நீலம்" என்றாள். ஏன் நீலம் என்று அவளுக்கே தெரியாது.

"நல்லாயிருக்கும். சுவரு வெள்ளை, நான்தான் அடிச்சேன். நானே வந்து வாங்கிக்கறேன், கடை எங்கங்க?"

"அவங்க இல்லையா? ஒரு அளவு கேக்கணும்."

"படுத்திருக்கா. நேத்துலேர்ந்து உடம்பு சரியில்ல. மாசா மாசம் வர்றதுதாங்கறா, ஆனா இந்தத் தடவ ரொம்ப முடியல. அதான் நான் லீவு போட்டேன். காலைல எந்திரிச்சவ அப்படியே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. இப்ப கூப்பிட்டாலும் சரியாப் பேசல. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

சிஸ்டரின் கையிலிருந்த பேனா நோட்டின் மேல் நின்றுவிட்டது. அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எத்தனை நாப்கின்? எவ்வளவு நேரத்தில்? உதடு வெளுத்திருக்கிறதா? ஒன்றைக்கூடத் தையல் கடைக்காரி கேட்க முடியாது.

"கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கா பாருங்க" என்றாள், தையல் குரலிலேயே. "எங்க அக்காவுக்கு இப்படித்தான் ஆச்சு. லேட் பண்ணாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சாயங்காலம் பாக்கலாங்க. அவளுக்கு ஆஸ்பத்திரின்னாலே ஆகாது." அவன் குரலில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் வேடிக்கையும் இருந்தது. "டெய்லரம்மா நீங்க ஏன் இவ்ளோ பதர்றீங்க?"

"நான் டெய்லர் இல்ல" என்றாள்.

"பின்ன யாரு?"

"நான் நர்ஸ். உங்க சம்சாரம் கர்ப்பம் கலைய மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. போர்வைய விலக்கிப் பாருங்க. உடனே."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு காலடிகள். பிறகு அவன் அவளைக் கூப்பிட்ட சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அம்மா, அம்மாடி" என்றுதான் கூப்பிட்டான். சிஸ்டர் டாக்டரின் போனிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்து விலாசத்தைப் படித்தாள். குரல் நடுங்கவில்லை. இருபத்தோரு வருட வேலை அந்த அளவுக்காவது கைகொடுத்தது.

பேக்கரிப் பெண் பிழைத்துக்கொண்டாள். மிகச் சிலருக்கு இப்படி ரத்தம் அளவுக்கு மீறிப் போவது உண்டு. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், உள்ளே தங்கியிருந்ததை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாக இந்த டாக்டர் சொன்னார். "உன்னாலதான் பலகுரல்" என்றார்.

சிஸ்டர் ஊசிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் நர்ஸ்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம் டாக்டர்."

"என்ன?"

"நான் நர்ஸ், போர்வைய விலக்கிப் பாருங்க. அவ்ளோ சொன்னாப் போதும். அந்த மனுஷன் பாத்திருப்பாரு, பாத்தாலே பயந்து தூக்கிட்டு ஓடியிருப்பாரு. ரத்தசோகைக்கு மருந்து வாங்க வந்தாங்கன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நீங்க தனியாச் சொல்லியிருப்பீங்க. நடுவுல ஒரு வரி சொன்னேன் பாருங்க. அந்த வரி யாருக்கும் தேவைப்படல."

"அந்த நேரத்துல யாருக்கு யோசனை வரும்?"

"எனக்கு வரணும். ஆறு வருஷமா இதே வேலையாத்தான இருக்கேன்."

டாக்டர் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போலச் சட்டையை மாட்டிவிட்டு, "இன்னிக்கு யாரா இருந்த?" என்றார்.

"நானாவே இருந்து தொலைச்சேன்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போய் விளக்கைப் போட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தார். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெயிண்டர் வந்தான். எல்லோரையும்போல டோக்கன் எடுத்துக்கொண்டு, தெரியாமல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான். பெஞ்சு கிறீச்சிட்டது. நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். தன் முறை வந்ததும் உள்ளே வராமல் சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"டெய்லரம்மா யாருங்க?"

"நான்தான்."

அவன் சண்டைக்கு வந்திருப்பான் என்று நினைத்து அவள் எழுந்து நின்றிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். "உக்காருங்க. நீங்க சொல்லலேன்னா அவ இருந்திருக்க மாட்டா. தெரியும்."

மேஜைமேல் இருந்த தெர்மாமீட்டரைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தான்.

"கேட்டா சொல்ல மாட்டேங்கறா. சுவரப் பாத்துப் படுத்துக்கறா. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? நான் அடிக்கிற ஆள் இல்லீங்க. குடிக்கிறதில்ல. என்கிட்ட சொல்றதுக்கு அவளுக்கு என்ன பயம்?"

சிஸ்டருக்குப் பதில் தெரியும். பயம் இல்லை, நீ அழுவாய் என்றுதான் சொல்லவில்லை, உன் அழுகைக்கு முன்னால் அவளால் நிற்க முடியாது. அதைச் சொன்னால் இந்த மனிதன் இன்று ராத்திரி தூங்குவான். ஒருவேளை இருவருமே தூங்குவார்கள். ஆனால் பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் சொன்னது அது. சிஸ்டர் ஏற்கெனவே அவள் ரகசியம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

"அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள். "இப்பவே இல்ல. கொஞ்ச நாள் போகட்டும்."

"சொன்னாளா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

அவள் நோட்டை மூடித் தள்ளி வைத்தாள். அவன் கண்கள் நிறைந்தன. சத்தமே இல்லாமல், நின்றபடியே, பெஞ்சில் இருந்த ஏழு பேருக்கு முன்னால் அழுதான். பேக்கரிப் பெண் சொன்னது சரிதான், அதற்கு முன்னால் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. சிஸ்டர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவு வரை போனவன், திரும்பி வந்தான்.

"அந்தத் திரை? நீலம்னு சொன்னீங்களே."

"இல்லீங்க."

"குடுக்கவே இல்லையா தைக்க?"

"இல்ல."

"ஓ" என்றான். "அதுவும் இல்ல."

இரண்டு வாரம் கழித்து அவள் பரிசோதனைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். விரல் கீறல்கள் ஆறியிருந்தன. பேக்கரிக்கு இன்னும் போகவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. சிஸ்டர் எழுந்து அலமாரியிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்தாள். அந்தப் பெண் அவளைத் தாண்டி, உள்ளே இருந்த டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்:

"வேற நர்ஸ் இருக்காங்களா?"

"நானும் சிஸ்டரும் ரெண்டு பேர்தாம்மா" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்களே பாருங்க."

சிஸ்டர் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பெஞ்சில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அதன் அம்மா கேட்காமலேயே காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சிஸ்டர் தெர்மாமீட்டரை உதறிக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் மட்டும் கேட்டது. ரத்த அளவு சரியாகிவிட்டதா என்று பார்க்க அடுத்த வாரம் ஒரு சோதனை, அதன் முடிவைப் போனில் சொல்லுவோம், இதை நிரப்பிக் கொடு.

கதவு திறந்தது. அவள் யாரையும் பார்க்காமல் பெஞ்சைக் கடந்து, படியிறங்கிப் போனாள். சைக்கிள் கடைக்கு எதிரில் அவளுடைய கணவன் நின்றிருந்தான். இரண்டு பேரும் ஒரே திசையில், நடுவில் இன்னொருவர் நடக்கும் அளவு இடம் விட்டு நடந்தார்கள்.

அவள் நிரப்பிய தாள் டாக்டரின் மேஜையில் இருந்தது. தேதி, போன் எண், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள். சிஸ்டர் நோட்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்தெழுதிக்கொண்டே கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். யாரா பேசணும் என்று கேட்டிருந்த இடத்தில் அந்தப் பெண், பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்.

கூப்பிட வேண்டாம்.

சிஸ்டர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.