வேட்பாளர் எங்கள் வீட்டில் கூழ் குடித்தது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு வெட்டும் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. தேர்தல் நேரத்தில் எங்கள் தெருக் கட்சிக்காரர் ஒருநாள் வந்தார். வேட்பாளர் ஓர் ஏழை வீட்டில் சாப்பிடப் போகிறாராம். அதற்கு எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். பரிசு விழுந்ததுபோல்தான் சொன்னார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஷீட்டு போட்ட ஊட்ல இருந்தா ஏழையா? நாங்க யார்கிட்டனா கையேந்துனோமா?"

"கோச்சுக்காதம்மா. டிவில வரும்."

டிவி என்றதும் அம்மா இறங்கி வந்தாள்.

வேட்பாளர் வரும் நாளன்று காலையிலேயே கட்சிக்காரர் கேமராக்காரரோடு வந்துவிட்டார். வந்ததும் அவர் கண்ணை உறுத்தியது பிரிட்ஜ். நானும் என் மனைவியும் ஓவர்டைம் பார்த்து வாங்கியது.

"இது படத்துல தெரிஞ்சா ஏழைன்னு எவன் நம்புவான்?" என்று அம்மாவின் பழைய புடவையைப் போட்டு மூடினார். அடுப்பில் கொதித்த வஞ்சிரக் குழம்பும் ஆகாதாம், கேழ்வரகுக் கூழ்தான் வேண்டுமாம்.

"ஊட்டுக்கு வர்ற மனுஷனுக்குக் கூழா ஊத்துவாங்க?" என்று அம்மா கத்தினாள். கடைசியில், கூழ் கேமராவுக்கு, குழம்பு மனுஷனுக்கு என்று முடிவானது.

வேட்பாளர் வந்தார். பெரிய காரில் நின்றபடி பணக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தவர், கார் எங்கள் தெருவில் நுழையாததால் இறங்கி நடந்தார். அதையும் படம் எடுத்தார்கள். தரையில் உட்கார்ந்து இரண்டு வாய் கூழ் குடித்தார். கேமரா நின்றதும், "மீன் வாசனை வருதே?" என்றார்.

மூன்று துண்டு சாப்பிட்டார். காரத்தில் கண் கலங்கிவிட்டது. "ஜில்லுனு தண்ணி இருக்குமாம்மா?"

அம்மா கட்சிக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிரிட்ஜை மூடிய புடவையை விலக்கி, பாட்டிலை எடுத்து நீட்டினாள். "எம் புள்ளையும் மருமவளும் ஒழைச்சு வாங்குனது சார்." வேட்பாளர் முழுப் பாட்டிலையும் குடித்தார்.

மாலையில் பொன்னேரிக் கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "கூழைத் தவிர வீட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு தாய், அதையும் எனக்கு ஊற்றினாள்!" என்று மேடையில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஒரே விசில். திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நம்மளத்தாம்மா சொல்றாரு."

"தெரியும்டா. ஆனா அந்தப் பொம்பளைய நெனச்சா பாவமா கீது."

ஓட்டையும் அவருக்கே போட்டாள். நானும்தான். காண்ட்ராக்ட் முறையை ஒழிப்பேன் என்றாரே, வேறு யாரும் அதைச் சொல்லக்கூட இல்லை. அவர் ஜெயித்தார். நான் இன்னும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறேன்.

பக்கத்துக் கூரை வீட்டு அக்காதான் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவே போய்க் காரணம் கேட்டதும் வெடித்தாள். "மழை வந்தா ஒழுவுறது எங்க ஊடு. கேமரா நொழையலன்னு எங்கள வுட்டுட்டு, ஏழைன்ற பேர உங்களுக்குக் குடுத்துட்டானுங்களே, இது இன்னா நாயம்?"