சமையல்கட்டுக்குச் சாயாத தளம்

வானொலி சொன்ன மழை இன்று அண்ணனூருக்கு வந்தேவிட்டது.

போன வாரம் எங்கள் வீட்டுப் பின்வாசலில் கான்கிரீட் தளம் போட்டபோது, மேஸ்திரி ஏழுமலை வடகிழக்கே ஈசானிய மூலைக்குச் சரிவாகக் கலவைமேல் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி அங்கதாம்மா ஓடணும். சாஸ்திரம்."

"அங்க என் சமையல்கட்டு வாசல் இருக்கே மேஸ்திரி! கலவை இறுகறதுக்குள்ள தென்னமரத்துப் பக்கம் சாய்ச்சிடுங்க."

"சாமி கோச்சிக்கும்மா."

"தினம் வெளக்கேத்துறவ நான். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முனகிக்கொண்டே திருத்தினார்.

இன்று குடையோடு வந்து பார்த்தார். தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. அத்தனையும் தென்னைக்கு ஓடியது.

"சாமியே உங்க பக்கம்தான் கீதும்மா!"

சாஸ்திரப்படி சமையல்கட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்த வீடு உங்களில் யாருடையது? சொல்லுங்கள், மேஸ்திரியை அனுப்பி வைக்கிறேன். இப்போது அவருக்குச் சரிவு நன்றாகத் தெரியும்.