"கூட்டம் வந்திருக்கு, சார்"

ஒரே ஒரு மலையாம். மலையில் ஒரு ஊராம், ஒரு கம்பெனியாம். ரெண்டுக்கும் நடுவில் நின்று ரெண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு மக்கள் தொடர்பு அலுவலர் என்று பேராம். அந்த ஆள் நான்தான். இதே சோலி பார்க்கிற சொந்தங்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

தொப்பி

கூக்கால் ஏரிக்கு மேலே எங்கள் கம்பெனி ரிசார்ட் கட்டுகிறது. சுற்றி வேலி போட்டதும், சோலைக்காட்டிலிருந்து தண்ணீர் குடிக்க ஏரிக்கு இறங்கும் காட்டுமாடுகளின் வழி அடைபட்டது. அவை வளைந்து ராசாத்தி அக்காவின் கேரட் தோட்டம் வழியாகப் போக ஆரம்பித்தன. முதல் விதைப்பு முழுக்க மிதிபட்டுப் போச்சு. மறுபடி விதைத்து, இப்போதுதான் இலை விட்டிருக்கிறது. இதுவும் போனால் அக்காவுக்கு இந்த வருஷம் வெள்ளாமையே இல்லை. பழைய வழியில் மட்டும் வேலியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்டார். நான் மேலே சொன்னேன். ஹெட் ஆபீஸிலிருந்து வெரசாவே வந்து இறங்கியது, ஊருக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட தொப்பி.

அக்கா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. பெருசா ஒண்ணு கெடச்சா மாட்டுக்கும் போட்டு விடுங்க. கம்பெனி ஆளுன்னு வாட்ச்மேன் உள்ள விட்டுருவாருல்ல."

ம்

அடுத்து மேனேஜரே வந்தார். திரை கட்டிப் படம் காட்டினார். வேலைவாய்ப்பு என்றார், ஊர் "ம்" என்றது. வளர்ச்சி என்றார், அதற்கும் "ம்". எல்லாருக்கும் சம்மதம் என்று என் காதில் குஷியாகச் சொன்னார். நான் கதை கேட்டே வளர்ந்தவன். ம் கொட்டினால் சம்மதமில்லை, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். அதை அவரிடம் சொல்லத்தான் செய்தேன். என் குரல் எப்போதும் போல எட்டவில்லை. அக்காவின் குரல் எட்டியது.

"கதை நல்லாப் போகுது சார். வேலி வர்ற எடம் இன்னும் வரல. அதான் ம் கொட்டிக்கிட்டு இருக்கோம்."

உட்கார வையுங்க

மறுகூட்டம் ரிசார்ட் இடத்திலேயே என்று முடிவானது. வெள்ளனே போய் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். பனிமூட்டத்துக்குள் என்னமோ அசைந்தது. பார்த்தால் வேலியோரம் வரிசையாகக் காட்டுமாடுகள், கன்றுகளோடு. பயமா சந்தோஷமா தெரியவில்லை. மேனேஜருக்குப் போனில் கிசுகிசுத்தேன், கூட்டம் வந்திருக்கு சார் என்று.

"அதுக்குள்ளயா? யாரையும் போக விட்டுடாதீங்க. உட்கார வச்சு டீ குடுங்க, இதோ வந்துடறேன்."

வந்தவர் கார் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். மாடுகள் வேலியை முட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பின. அங்கே அக்கா தனி ஆளாகத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நின்றார். தட்டத் தட்ட, அவை தயங்கித் தயங்கிக் காட்டுக்குள் போயின. அக்கா மூச்சு வாங்க எங்களிடம் வந்தார். இவங்களுக்கு என்னதான் வேணுமாம் என்று மேனேஜர் மரியாதையாகவே விசாரித்தார்.

"நாங்க கேட்டதேதான், சார்."

திறந்த வழி

மேனேஜர் சொல்லி, அன்றைக்கே பழைய வழியில் மட்டும் கம்பியைச் சுருட்டி, கல்லுக்காலைப் பிடுங்கினார்கள். மறுநாள் விடியும்போது ஊரே மேட்டில் நின்றது. முன்னால் வந்த மாடு, கல்லுக்கால் பிடுங்கிய குழியை மோந்து பார்த்தது. அப்புறம் தோட்டத்தைப் பார்த்தது. அக்கா கையில் டப்பா, தட்டவில்லை. மாடு திறந்த வழியில் காலை வைத்தது. பின்னாலேயே எல்லாம் ஏரியைப் பார்க்க இறங்கின. விசிலடிக்கப் போன என் கையை அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஊர் கலைந்தது. மேனேஜருக்குக் கால் தரையில் இல்லை. கம்பெனியின் சேவையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி அக்காவிடம் செல்போனை நீட்டினார்.

"அடைச்சீங்க, தெறந்தீங்க. இதுல பேச என்ன சார் இருக்கு? களை கெடக்கு, வர்றேன்." சொல்லிக்கொண்டே கேரட் பாத்திக்குள் இறங்கி நடந்துவிட்டார்.

ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசத்தான் எனக்குச் சம்பளம். பேசி முடித்தது என்னவோ வாயில்லாத மாடு.