வாசற்படிக்கு எட்டு விரற்கடை

சேற்று வாடை எங்கே வந்தாலும், கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றோரம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டு வரிசை, இன்று தடமே இல்லாமல் போன அந்த வரிசை, கண்ணில் வந்து நிற்கிறது. நான் ஒன்பதாவது படித்த வருடம். மழை விடாத ஒரு பகலில், அப்பா கம்பெனி ஷிப்டில் இருக்க, ஏறிவரும் ஆற்றுத் தண்ணீரைக் கால்மணிக்கு ஒரு தடவை வெளிச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் எட்டு விரற்கடை ஏறியிருந்தது. வாசற்படிக்கு இன்னும் எட்டு.

"சராசரி மணிக்கு நாலுதான ஆவுது? நாலு மணிக்கு அப்பா வந்துருவாரு, இரு," என்றாள் நிறைமாதமாக இருந்த அம்மா.

கோடுகளை மறுபடி பார்த்தேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு இரண்டே விரற்கடை. கடைசிக் கால்மணிக்கு மட்டும் மூன்று. வகுப்பில் வரைந்த வரைபடத்தில் சட்டென்று செங்குத்தாக எழும்பிய கோடு ஞாபகம் வந்தது.

"சராசரிய நம்பாதம்மா. இப்ப ஏறுற வேகத்துக்கு முக்கால்மணி கூடத் தாங்காது, எந்திரி!"

அவளைக் கைத்தாங்கலாக மேட்டு ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். நாலு மணிக்கு வந்த அப்பா, ஜன்னல் வரை தண்ணீர் நின்ற வீட்டைப் பார்த்து, தண்ணீர் விளிம்பிலேயே நின்று எங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மேட்டிலிருந்து நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.