கடைசிக் காட்சியில் அக்கா

என் நாத்தனாரைப் பற்றிப் பதினேழு நிமிடப் படம் ஒன்று இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். படத்தை எடுத்த என் வீட்டுக்காரர் மட்டும் அழவில்லை. யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு நேரமில்லாமல் போய்விட்டது. நானும் அழவில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

நாத்தனார் என்று எழுதுகிறேனே தவிர, வாயில் வருவது அக்காதான். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். நாளெல்லாம் படுக்கை விரிப்பும் போர்வையும் அறுவை அறை அங்கியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். சூடான துணியைப் பிடித்துப் பிடித்து அக்காவின் உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது. ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. அதனால் துணியை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் மடிப்பு மேசைக்குப் போகும். இல்லையென்றால் திரும்பவும் இயந்திரத்துக்குள். எங்கள் வீட்டுக் கொடியில் துண்டு எடுக்கும்போதும் அப்படித்தான். பழகிப்போன கை.

கணவர் என்று ஒருவர் இருந்தார். மகளுக்கு நாலு வயதானபோது வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி இவ்வளவு எழுதியதே அதிகம். அந்த மகளுக்குப் பதினாறாவது வயதில் ரத்தத்தில் நோய் வந்தது. பதினொரு மாதம் கிடந்தாள். அந்தப் பதினொரு மாதமும் புதன்கிழமை தவறாமல் பிரார்த்தனைக் குழுவிலிருந்து பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்காவும் அவர்களோடு நின்றாள். சாப்பாட்டைக் குறைத்தாள், தூக்கத்தைக் குறைத்தாள், சந்தேகத்தைக் கிட்டேயே சேர்க்கவில்லை. பெண் போய்விட்டது.

துக்கம் கேட்க வந்த குழுத் தலைவி, "ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டாரும்மா" என்றாள்.

"கூப்பிட்ட உடனே ஓடறதுக்கு என் பொண்ணு என்ன அவர் வீட்டு வேலைக்காரியா?" என்று கேட்டாள் அக்கா. வந்தவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார்கள். மறுநாள், வீட்டில் கும்பிடுவதற்கென்று இருந்த மூலையில் அக்கா இஸ்திரிப் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் கை கூப்பவில்லை.

மகளுடைய பொருள் என்று அவள் வைத்துக்கொண்டது ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் மட்டும். மருத்துவமனைக் குளிருக்காக வாங்கியது. கழுத்துப் பக்கம் மருந்து கொட்டிய கறை, தோளில் தலை எண்ணெய் பட்ட இடம். இருபத்திரண்டு வருடம் ஊரார் துணியை எல்லாம் வெளுத்த அக்கா, அந்த ஒரு துணியை மட்டும் துவைக்கவில்லை. பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பாள், முகத்தை வைப்பாள், மறுபடியும் கட்டுவாள். எனக்குத் தெரியாது அது. அவள் தம்பிக்குத் தெரியும்.

தம்பி என்பது என் வீட்டுக்காரர். கல்யாண வீடியோ எடுப்பது அவருக்குப் பிழைப்பு. குறும்படம் அவருக்குப் பிடித்த பைத்தியம். "துக்கமும் நம்பிக்கையும்" என்று ஒரு போட்டி அறிவித்தார்கள். மனுஷருக்கு வீட்டுக்குள்ளேயே கதை கிடைத்துவிட்டது. மகளை இழந்த தாய் கடவுளோடு சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகிறாள். சண்டை வரைக்கும் அக்காவின் கதை. சமாதானம் இவருடைய சொந்தச் சரக்கு.

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பிக்கு எதையும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள். ஸ்வெட்டரைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாளாம்: "தண்ணி படக்கூடாது." இவர் அதை என்னிடம் சொல்ல மறந்தார். பையிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு விளக்கு ஏற்பாட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில்தான் படப்பிடிப்பு. அதற்கு முதல் நாள் மாலை அதைப் பார்த்தேன். கறையும் எண்ணெயுமாகக் கிடந்தது. நாளைக்கு அக்காவாக நடிக்க வரும் நடிகை கையில் எடுக்க வேண்டிய துணி, இப்படியா கொடுப்பது, நம் வீட்டு மானம் என்ன ஆவது என்று தோன்றியது. நாங்கள் வழக்கமாக வாங்கும் எலுமிச்சை வாசனை சோப்புப் போட்டு, கழுத்தை இரண்டு தரம் கசக்கி, நன்றாக அலசிக் காயப்போட்டேன். கறை சுத்தமாகப் போனதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் நடிகை வரத் தாமதமானது. அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே உயரம். "அக்கா, ஜன்னல்கிட்ட கொஞ்சம் நில்லு, லைட் பாக்கணும். அந்த ஸ்வெட்டரக் கையில வெச்சுக்கோ" என்றார் இவர்.

அக்கா கொடியிலிருந்து எடுத்தாள். கம்பளி, சீக்கிரம் காயாது. இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தில் ஒற்றினாள். ஒற்றியவள் அப்படியே நின்றாள். முகம் முதலில் சுருங்கியது. பிறகு ஏதோ ஒன்று அதிலிருந்து இறங்கிப் போனது. தோள் தளர்ந்தது. இவர் கேமராவை நிறுத்தவில்லை. விளக்கு பார்ப்பதற்கு எதற்குப் பதிவு என்று நானும் கேட்கவில்லை.

அக்கா ஸ்வெட்டரை நாற்காலியில் வைத்தாள். அடுப்படிக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான், "அதுல அவ வாசனை இருந்துச்சும்மா" என்றாள். அவ்வளவுதான். யார் துவைத்தது என்று கேட்கவில்லை. படப்பிடிப்புக்கு வந்த ஆட்களில் யாரோ செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு, கேட்காதவரை பிழைத்தேன் என்றுதான் இருந்தது. என் கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

படம் முடிந்ததும் வீட்டில் போட்டுக் காட்டினார். கடைசிக் காட்சியில் நடிகை இல்லை. அக்காதான் இருந்தாள். ஜன்னல் வெளிச்சம், சேர்ந்த கைகள், மூடிய கண்கள், தளரும் தோள். பின்னால் தூரத்தில் ஒரு மணியோசை.

"அந்தக் கடைசி இடத்த எடுத்துடுடா" என்றாள் அக்கா.

"அக்கா, படமே அதுதான்."

"நான் கும்புடல."

"கும்புட்டேன்னு நான் சொல்லவே இல்லயே. பாக்கறவங்க என்ன எடுத்துக்கறாங்களோ அது அவங்க சுதந்திரம்."

"பின்னாடி மணி அடிக்குதே, அது யார் சுதந்திரம்?"

அக்காவின் குரல் இறங்கியது. "அவ போனப்புறம் நான் பிடிவாதமா செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆண்டவன் முன்னாடி கை கூப்பல. என் பொண்ணுக்காக நான் செய்யறதுன்னு அதுதான் மிச்சம். அதையும் எடுத்துக்காதடா."

அன்று மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் துவைத்தது, வாசனை போனது, அந்த முகத்தில் இருந்தது என்ன என்பது. சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"அடடா, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் கிட்டப் போய் எடுத்திருப்பேனே" என்றார்.

அந்த மனிதரோடு பதினான்கு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அக்கா விடவில்லை. கடைசியில் இவர் ஒரு வழி சொன்னார். "திரையிடலுக்கு வா. அட்டையில எழுதிப் போடு. பாக்கறவங்களும் அப்படியே சொன்னா எடுத்துடறேன்."

ஞாயிறு மூன்று மணி. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கு மேல்மாடி. ஜன்னலில் கறுப்புத் துணி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. இவர் சேர்ந்திருக்கும் திரைப்படக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை தருவார்கள். பெயர் போடாமல் மனதில் பட்டதை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தலைவர் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். படிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. சிறந்த அட்டைக்கு ஒரு பேனா பரிசு. தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அட்டை படிக்கும்போதுகூட மதிப்பெண் போடுகிற முகம்.

"என் அம்மா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் அவரிடம் பேசப்போகிறேன்" என்றது ஓர் அட்டை. "நம்பிக்கை தோற்பதில்லை என்று அந்தத் தாயின் கைகள் சொல்லின" என்றது இன்னொன்று. "ஒளிப்பதிவு அருமை, மணியோசை உடலைச் சிலிர்க்க வைத்தது" என்றது மூன்றாவது. இவர் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். கல்யாண மாப்பிள்ளைகளிடம் பார்த்துப் பழகிய அடக்கம்.

பிறகு அக்காவின் அட்டை வந்தது. "அந்த அம்மா கும்பிடவில்லை. கடைசிக் காட்சியை எடுத்துவிடுங்கள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இவங்க படத்த உள்வாங்கல. பரவாயில்ல, எல்லாக் கருத்துக்கும் இங்க இடமுண்டு" என்று சொல்லிவிட்டு, தலைவர் அட்டையை மேசையின் ஓரத்தில் வைத்தார். எல்லாரும் பார்த்த முகம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. திரையில் அவ்வளவு வெளிச்சம் போட்டிருந்தார் இவர்.

அடுத்தது என் அட்டை. தலைவர் படிக்கத் தொடங்கினார். "ஸ்வெட்டரைத் துவைத்தது நான். மகளுடைய வாசனை போய்விட்டது என்று தெரிந்துதான் அவர் அப்படி நின்றார். அது பிரார்த்தனை இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள், அக்கா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆகா! கதைக்குள்ளேயே புகுந்து, புதுசா ஒரு பாத்திரமாவே மாறி எழுதியிருக்காங்க. இதுதான் ரசனை. எழுதினவங்க கைய தூக்கலாம்."

கைதட்டல் நிற்கவில்லை. என் வீட்டுக்காரரும் தட்டினார். அன்று சாப்பாட்டில் நான் சொன்னது அவருக்கு மறந்திருக்குமா என்ன? நான் கையைத் தூக்கவில்லை. பேனா யாருக்கும் இல்லாமல் மேசையிலேயே கிடந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே தெரியும்மா" என்றாள்.

"எப்படிக்கா?"

"எலுமிச்ச வாசன. இருபத்திரெண்டு வருஷமா சோப்போடதான் கெடக்கறேன். உங்க வீட்டு சோப்பு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ மன்னிப்பு கேப்ப. குடுக்கறதுக்கு எங்கிட்ட இல்லம்மா." கோபமாகச் சொல்லவில்லை. இருப்பு தீர்ந்துவிட்டது என்று சலவைப் பிரிவில் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

காட்சியை இவர் எடுக்கவில்லை. ஓர் அட்டைதானே எதிராக வந்தது என்றார். என்னுடையதைச் சேர்த்தால் இரண்டு என்றேன். அதற்குத்தான் எல்லாரும் கைதட்டினார்களே என்றார். படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சுவரொட்டியில் அக்காவின் மூடிய கண்கள். பிரார்த்தனைக் குழுத் தலைவி அதைக் கைபேசியில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, மருத்துவமனை வாசலில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க திரும்பி வந்ததே எங்களுக்குப் பெரிய சாட்சி" என்று அழுதாளாம். இப்போதெல்லாம் அக்கா துணியைக் கன்னத்தில் வைப்பதில்லை. ஒரு முனையை மட்டும் தூக்கிப் புறங்கையில் தேய்த்துப் பார்க்கிறாள். ஈரத் துணி மேலே வார்டுகளுக்குப் போய்விடுகிறது, மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்குகிறாள்.

போன வாரம் ஸ்வெட்டரைப் பழைய பாலிதீன் பையிலேயே போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இஸ்திரிப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். பையைப் பிரித்தாள். முகத்தருகே கொண்டுபோகவில்லை. ஸ்வெட்டரின் கைகளை உள்ளே மடித்து, பாதியாக மடித்து, மருத்துவமனை மேசையில் மடிக்கிற மாதிரியே ஓரம் நேராக்கி என்னிடம் நீட்டினாள்.

"இதுல உங்க வீட்டு வாசனதான் இருக்கு. உங்க வீட்டுத் துணி. நீயே வெச்சுக்கோ."