புதுத் தண்ணீரில் வைத்த கால்

நெல் பண்ணை வேலைக்காக மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் ஒரு சிற்றூரில் குடியிருந்தேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த அன்று, காவிரிப் பாசனத்தில் வளர்ந்த வலங்கைமான்காரனுக்குக் கால் சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சார், மேலே வந்துடுங்க, அதுல நத்தை இருக்கு" என்றார் கூட வேலை பார்த்த கோஃபி. எங்கள் ஊரில் இல்லாத நத்தையா என்று சிரித்தேன்.

சில மாதங்களில் சிறுநீர் சிவப்பாகப் போனது. நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையில் குணமானது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இங்கே அந்தப் புழு கிடையாது என்று தெரியும். ஆனாலும் ஆற்றில் தண்ணீர் வந்தால் செருப்போடு கரையிலேயே நிற்கிறேன். "வாங்கப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மகள் கையில் அள்ளிக்கொண்டு வருகிறாள். அதைக்கூட உற்றுப் பார்த்த பிறகுதான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.